பதிவேட்டில் இல்லாதவர்கள்: சேலம், நாமக்கல் சமவெளியும் கிறித்தவ ஊடகப் பணியும்

சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் இடையே தேசிய நெடுஞ்சாலை 44இல் இருக்கிறது புதுச்சத்திரம். சுற்றிலும் மரவள்ளிக் காடு, கோழிப்பண்ணை, லாரிப் பட்டறை. கிழக்கே சேந்தமங்கலம், அதற்கும் அப்பால் கொல்லிமலை. தமிழ்க் கிறித்தவத்தின் வரலாற்றை எழுதுகிறவர்கள் இந்தப் பக்கம் அதிகம் திரும்புவதில்லை. தூத்துக்குடி, தரங்கம்பாடி, பாளையங்கோட்டை, நாகர்கோவில் என்று கடற்கரையையும் தென்கோடியையும் ஒட்டியே அந்த வரலாறு நகர்கிறது. காரணம் எளிது. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நாமக்கல் மாவட்டத்தில் கிறித்தவர்கள் ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவர்தான்.

கிறித்தவ ஊடகப் பணி எப்படி நடந்தது, யாரால் நடந்தது என்று ஆராய்வதற்கு இந்தச் சிறுபான்மை நிலமே நல்ல களம். சபை அடர்த்தியாக உள்ள ஊரில் பத்திரிகைக்கு ஆலய வாசலே கடை. வானொலி நிகழ்ச்சிக்குத் தெருவெல்லாம் நேயர்கள். நூற்றில் ஒருவர் மட்டுமே இருக்கும் இடத்தில் ஒவ்வொரு பிரதியையும் யாராவது நடந்துபோய்க் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு நிகழ்ச்சியையும் யாராவது தேடிப் பிடித்துக் கேட்டு, அது கேட்டது என்று எழுதிப் போட வேண்டும். இந்த வேலைகளுக்குப் பெரும்பாலும் சம்பளம் கிடையாது. கிடைத்த இடத்திலும் அது அரைவயிற்றுச் சம்பளம்.

ஓலை, அச்சு, சிற்றலை வானொலி, கைப்பேசி என்று நான்கு நூற்றாண்டுகளில் கருவிகள் மாறின. படியெடுப்பது, சுமந்து செல்வது, கேட்டுச் சொல்வது, பதில் எழுதுவது என்ற நான்கு வேலைகள் மட்டும் மாறவில்லை. அவற்றைச் செய்தவர்களே இந்தப் பணியை நிலைக்க வைத்தார்கள். அவர்களில் ஒரு பகுதியினர் கிறித்தவர்களே அல்லர் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் வரலாறு முழுமையாகும்.

ஏட்டைப் படியெடுத்தவர்கள்

1623ஆம் ஆண்டு மதுரையிலிருந்து வடக்கே புறப்பட்ட இயேசு சபைத் துறவி இராபர்ட் தெ நொபிலி, திருச்சிராப்பள்ளி வழியாக இந்தச் சமவெளிக்கு வந்தார். சேந்தமங்கலத்தில் ஆட்சி செய்த இராமச்சந்திர நாயக்கர் அவரை வரவேற்றார். அங்கிருந்து அவர் சேலத்துக்குச் சென்றார். தமிழ் உரைநடையின் தொடக்கக் காலத்தைப் பேசும்போது நொபிலியின் 'ஞானோபதேச காண்டம்', 'ஆத்தும நிர்ணயம்' ஆகியவற்றைக் குறிப்பிடாமல் இருக்க முடியாது. அந்த நூல்கள் அவர் வாழ்நாளில் அச்சேறவில்லை. பனையோலையில் எழுத்தாணியால் கீறி, மை தடவி, படிமேல் படியாக எடுத்துத்தான் பரவின.

அன்றைய மதுரை மிஷனில் குருக்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவே இருந்தார்கள். ஓர் ஊருக்கு ஆண்டுக்கு ஒருமுறை குரு வந்தாலே பெரிது. எஞ்சிய நாள்களில் சபையைத் தாங்கியவர் உபதேசியார். ஏட்டை உரக்கப் படித்துக் காட்டுவது, செபங்களை மனப்பாடம் செய்விப்பது, சாகக் கிடப்பவருக்கு ஞானஸ்நானம் கொடுப்பது எல்லாம் அவர் பொறுப்பு. எழுத்து தெரியாதவர் பெரும்பான்மையாக இருந்த ஊரில் உபதேசியாரின் குரலே ஊடகம். 'தேம்பாவணி' பாடிய வீரமாமுனிவர் இவர்களுக்கென்றே 'வேதியர் ஒழுக்கம்' என்ற உரைநடை நூலை எழுதினார். காவியம் எழுதும் கை ஒரு நடத்தை நூலுக்கு இறங்கி வந்ததே, அந்த வேலைக்காரர்கள் எவ்வளவு முக்கியமானவர்கள் என்பதற்குச் சான்று. நூலாசிரியரின் பெயர் பள்ளிப் பாடத்தில் இருக்கிறது. நூல் யாருக்காக எழுதப்பட்டதோ அவர்கள் 'வேதியர்' என்ற பொதுப்பெயருக்குள் அடங்கிப் போனார்கள்.

நொபிலி 1656இல் மறைந்தார். அவருடைய ஞானோபதேச நூல் 1670களின் இறுதியில் கேரளத்து அம்பழக்காட்டில் அச்சானது. அந்த அச்சகத்துக்குத் தமிழ் எழுத்துகளை மரத்தில் செதுக்கியவர் இக்னேசியஸ் ஐச்சாமணி என்ற உள்ளூர்க்காரர். 1679இல் வெளிவந்த அந்தாம் தெ ப்ரொயென்சாவின் தமிழ்–போர்த்துக்கீசிய அகராதியும் இதே அச்சகத்தில் உருவானதுதான். அகராதியைப் பற்றிப் பேசும் நூல்களில் ஐச்சாமணிக்குக் கிடைப்பது ஒற்றை வரி. அந்த வரியாவது கிடைத்ததால் அவர் அதிர்ஷ்டசாலி.

தலைப்புப் பக்கத்துக்குப் பின்னால்

தரங்கம்பாடி அச்சகத்தின் கதை பலருக்கும் தெரியும். 1706இல் வந்திறங்கிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க், 1712இல் லண்டனிலிருந்து கிறித்தவ அறிவு வளர்ச்சிக் கழகம் அனுப்பிய அச்சு இயந்திரத்தைப் பெற்றார். அதனுடன் கப்பலேறிய அச்சர் யோனாஸ் ஃபிங்க் வழியிலேயே இறந்துபோனார். இயந்திரம் வந்து சேர்ந்தது. இயக்கத் தெரிந்தவர் வந்து சேரவில்லை. ஜெர்மனியில் ஹாலே நகரில் வார்க்கப்பட்டு வந்த தமிழ் எழுத்துகள் அளவில் பெரியவை; அவற்றால் காகிதம் கட்டுப்படியாகவில்லை. சிறிய எழுத்துகளை இங்கேயே வார்த்த பிறகுதான் 1715இல் புதிய ஏற்பாடு முழுமையாக அச்சாகி முடிந்தது.

இந்த வேலையில் சீகன்பால்குக்குத் தமிழ்க் கண்ணாக இருந்தவர் அழகப்பன். பல ஐரோப்பிய மொழிகளை அறிந்த துபாஷி. டேனிஷ் கிழக்கிந்தியக் கம்பெனியாரிடம் வேலை பார்த்தவர். தமிழரின் சமயம், வழக்கம், கல்வி பற்றி ஹாலேக்குக் கடிதங்கள் எழுதப்பட்டபோது அவற்றில் முதன்மையான பங்கு அவருடையது என்று ஆய்வாளர் தானியேல் ஜெயராஜ் காட்டியிருக்கிறார். அழகப்பன் கிறித்தவராக மாறவில்லை. தமிழில் முதன்முதலாக அச்சான புதிய ஏற்பாட்டின் பின்னணியில் ஓர் இந்து அறிஞரின் உழைப்பு இருக்கிறது என்பது ஊடகப் பணியின் வரலாற்றில் தற்செயலான செய்தி இல்லை. பின்னாளில் வானொலிக் காலத்திலும் இதே நிலைமையைக் காண்போம்.

1871இல் நிறைவடைந்த வேதாகமத் திருத்தம் ஹென்றி பவர் பெயரால் வழங்குகிறது. அவருக்குத் துணை நின்ற முன்ஷி முத்தையா பிள்ளையை அறிந்தவர்கள் சிலரே. ஜெர்மன் ஆய்வாளர் ஹைகே லீபாவ் தரங்கம்பாடி மிஷனின் உள்ளூர்ப் பணியாளர்களைப் பற்றி மட்டுமே ஒரு முழு நூல் எழுதிய பிறகுதான் உபதேசிகள், பள்ளி ஆசிரியர்கள், எழுத்தர்கள் எல்லாம் ஆய்வுலகில் தனி மனிதர்களாகத் தெரியத் தொடங்கினார்கள். மிஷனரிகள் ஹாலேக்கு அனுப்பிய அறிக்கைகளும் கடிதங்களும் அங்குள்ள ஃபிராங்கே அறக்கட்டளைக் காப்பகத்தில் முந்நூறு ஆண்டுகளாகப் பத்திரமாக இருப்பதால்தான் அது முடிந்தது.

சுமந்து சென்றவர்கள்

அச்சு வந்ததும் ஓலை எழுதுபவரின் வேலை குறைந்தது. சுமப்பவரின் வேலை கூடியது. சென்னையில் 1818இல் துண்டுப்பிரசுரச் சங்கமும் 1820இல் வேதாகமச் சங்கத்தின் கிளையும் தொடங்கின. லண்டன் மிஷனரி சங்கம் 1827இல் ஹென்றி கிரிஸ்ப்பை அனுப்பிச் சேலத்தில் பணியைத் தொடங்கியது. சென்னையில் அச்சான பிரசுரம் ஓமலூர்ச் சந்தைக்கும் இராசிபுரம் சந்தைக்கும் போக வேண்டுமானால் தலையிலோ மாட்டு வண்டியிலோதான் போக வேண்டும். புத்தகம் விற்கப் போனவர்கள் கூட்டம் சேர்த்து வாசித்துக் காட்டினார்கள், திட்டும் வாங்கினார்கள். வீட்டுக்குள் இருந்த பெண்களிடம் போக ஆண்களுக்கு வழியில்லை. அங்கே போனவர்கள் 'பைபிள் உமன்' என்று அழைக்கப்பட்ட பெண்கள். அவர்களில் பலர் கைம்பெண்கள். படிக்கச் சொல்லிக்கொடுப்பது, கடிதம் எழுதித் தருவது, நோயாளியைப் பார்ப்பது எல்லாம் அந்த ஒரே வருகையில் நடந்தன.

கொல்லிமலையின் கதை இந்த ஏற்றத்தாழ்வைப் பளிச்சென்று காட்டும். ஸ்ட்ரிக்ட் பாப்டிஸ்ட் மிஷனைச் சேர்ந்த ஜெஸ்ஸி பிராண்ட் 1907இல் இந்தியா வந்தார். சேந்தமங்கலத்திலிருந்து மலையேறிப் பணி செய்தார். 1913இல் மணம் முடித்து, மனைவி எவெலினுடன் மலையிலேயே குடியேறினார். 1929இல் கறுநீர்க் காய்ச்சலால் அங்கேயே இறந்தார். தொழுநோய் மருத்துவத்தில் உலகப் புகழ் பெற்ற பால் பிராண்ட் இவர்களின் மகன். எவெலின் முதுமையில், மிஷன் ஓய்வு கொடுத்த பிறகும், சொந்தப் பொறுப்பில் மலைக்குத் திரும்பி, 1974இல் 95ஆம் வயதில் மறையும்வரை மலை மக்களிடையே உழைத்தார். அவரும் ஒரு வகையில் தன்னார்வலர்தான். அவருக்கு டோரதி கிளார்க் வில்சன் எழுதிய வாழ்க்கை வரலாறு இருக்கிறது. சாலை இல்லாத மலைக்கு டோலி தூக்கியவர்கள், மருந்துப் பெட்டியையும் புத்தகக் கட்டையும் சுமந்தவர்கள், மலைவாழ் மக்களின் பேச்சை வெள்ளைக்காரத் தம்பதிக்குப் புரிய வைத்தவர்கள் ஆகியோருக்கு அப்படி ஒரு நூல் எழுதப்படவில்லை.

கேட்டு எழுதியவர்கள்

இந்தச் சமவெளி தனக்கென ஓர் இடத்தைப் பிடித்தது வானொலிக் காலத்தில்தான். அகில இந்திய வானொலியில் மதப் பிரசார நிகழ்ச்சிக்கு நேரம் விலைக்குக் கிடைக்காது. ஆகவே கிறித்தவ ஒலிபரப்பு கடல் தாண்டி நின்று பேசியது. இலங்கை வானொலியின் வர்த்தக ஒலிபரப்பில் நேரம் வாங்கியது ஒரு வழி. செஷல்ஸ் தீவில் 1970 முதல் ஃபீபா நிறுவனம் சொந்தமாகச் சிற்றலை நிலையம் நடத்தியது. இலங்கையின் புத்தளத்திலிருந்து மத்திய அலையில் 882 கிலோஹெர்ட்ஸில் டிரான்ஸ் வேர்ல்டு ரேடியோ 1970களின் இறுதி முதல் பேசியது. அதன் இந்தியப் பிரிவான விசுவவாணியை எமில் ஜெபசிங் வழிநடத்தினார். கத்தோலிக்கத் தரப்பில் வத்திக்கான் வானொலி இருந்தது. மணிலாவிலிருந்து ரேடியோ வேரித்தாஸ் ஆசியாவும் இருந்தது.

வேரித்தாஸுக்கான யோசனை 1958இல் மணிலாவில் கூடிய ஆயர்கள் மாநாட்டில் பிறந்தது. நிலையம் 1969இல் திறக்கப்பட்டது. 1986இல் பிலிப்பீன்ஸ் சர்வாதிகாரி மார்க்கோஸுக்கு எதிராக மக்கள் தெருவில் இறங்கியபோது அதன் உள்நாட்டு ஒலிபரப்பு ஆற்றிய பங்குக்காக அதே ஆண்டு மக்சேசே விருது கிடைத்தது. அதன் தமிழ்ப் பணிக்கு 1990களின் பிற்பகுதியில் பொறுப்பேற்றிருந்தவர் அருட்தந்தை ஜெகத் கஸ்பர். ஈழப் போரில் பிரிந்த குடும்பங்களின் கடிதங்களை வாசித்த 'உறவுப்பாலம்' நிகழ்ச்சி அந்தக் காலத்தில் சமய எல்லையைத் தாண்டிக் கேட்கப்பட்டது.

நாமக்கல்லிலிருந்து புத்தளம் ஏறத்தாழ 400 கிலோமீட்டர். செஷல்ஸ் 3,000. மணிலா 4,500க்கும் மேல். புத்தளத்தின் மத்திய அலை இரவில் இங்கே தெளிவாக விழும். சிற்றலை அப்படி இல்லை. அது வானில் அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி வருவது. பகலில் ஒரு விதம், இரவில் ஒரு விதம். கோடையில் ஒன்று, மாரியில் ஒன்று. சூரியப் புள்ளிகளின் பதினொரு ஆண்டுச் சுழற்சிக்கு ஏற்ப வேறொன்று. அதனால்தான் உலகச் சிற்றலை நிலையங்கள் ஆண்டுக்கு இருமுறை, மார்ச் இறுதியிலும் அக்டோபர் இறுதியிலும், அலைவரிசைகளை மாற்றுகின்றன. ஒலிபரப்பும் இடத்தில் இருக்கும் பொறியாளருக்குத் தன் குரல் இராசிபுரத்தில் எப்படி விழுகிறது என்று அளந்து பார்க்க அன்று வழியே இருக்கவில்லை. அங்கே கேட்கும் ஒருவர் எழுதிச் சொல்ல வேண்டியிருந்தது.

அதற்கென்று முறையான வடிவம் இருந்தது. தேதி, நேரம், அலைவரிசை, நிகழ்ச்சிச் சுருக்கம், அதன்பின் சின்போ எனப்படும் ஐந்து இலக்கங்கள். அலையின் வலிமை, பிற நிலையங்களின் குறுக்கீடு, இரைச்சல், அலை ஏறியிறங்கும் அளவு, மொத்தத் தரம் என்ற ஐந்துக்கும் ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண். 55555 என்றால் உள்ளூர் நிலையம்போல் கேட்கிறது. 22232 என்றால் காதைத் தீட்டினாலும் பாதிதான் பிடிபடும். ஒழுங்கான அறிக்கைக்கு நிலையத்திலிருந்து படம் போட்ட உறுதி அட்டை வரும். அதுதான் கூலி. வேண்டியது ஒரு டிரான்சிஸ்டர், ஓட்டின்மேல் இழுத்துக் கட்டிய செம்புக் கம்பி, கடிகாரம், நோட்டுப் புத்தகம். அஞ்சலட்டை 15 காசாக இருந்து 25 காசாகி 50 காசாக ஏறியபோதும், வெளிநாட்டுக்கு ஏரோகிராம் வாங்கப் பல மடங்கு ஆனபோதும், செலவு எழுதுகிறவருடையதே.

சேலம், ஈரோடு, நாமக்கல் மாவட்டங்கள் இத்தகைய நேயர்களுக்கும் நேயர் மன்றங்களுக்கும் பேர்போனவை. சீன வானொலியின் தமிழ்ப் பிரிவைக் கேட்டவர்களுக்கு இந்த ஊர்ப் பெயர்கள் நன்றாக நினைவிருக்கும். நேயர் மன்றம் என்றால் ஊர்ப் பெயரில் ஒரு முத்திரை, ஓர் உறுப்பினர் பட்டியல், மாதம் ஒருமுறை யார் வீட்டுத் திண்ணையிலாவது கூட்டம். அதே உறுப்பினர் காலையில் வேரித்தாஸ், மாலையில் பெய்ஜிங், இரவில் பிபிசி தமிழோசை என்று கேட்டு எல்லாருக்கும் எழுதினார். இந்து நேயர் கிறித்துமஸ் நிகழ்ச்சிக்கு விமர்சனம் எழுதினார். முஸ்லிம் நேயர் நிகழ்ச்சியில் வந்த ஊர்ப் பெயரின் உச்சரிப்பைத் திருத்தினார். அவர்கள் தேடி வந்தது தமிழையும், தொலைவிலிருந்து தன் பெயரைச் சொல்லும் குரலையும். சமயம் அந்தப் பொட்டலத்தில் ஒரு பகுதி. அழகப்பன் காலத்தில் இருந்த அதே உறவு இருநூற்றைம்பது ஆண்டுகள் கழித்து அஞ்சலட்டையில் தொடர்ந்தது.

இந்தக் கடிதங்களால் நிலையத்துக்கு இரண்டு பலன்கள். பொறியாளருக்கு அலைவரிசையைத் தேர்ந்தெடுக்க உதவியது ஒன்று. நன்கொடையாளர்களிடம் காட்டச் சான்றானது மற்றொன்று. கேட்பவர் எத்தனை பேர் என்று கணக்கிட வேறு வழியில்லாத ஊடகத்தில் கடித எண்ணிக்கையே உயிர்ப்பின் அளவு. கடிதம் குறைந்தால் நிகழ்ச்சியின் நேரமும் குறையலாம். அந்த வகையில் அஞ்சலட்டை எழுதியவர்கள் வெறும் நேயர்கள் இல்லை. நிலையத்தின் ஊதியமில்லாத ஊழியர்கள். 2003இல் செஷல்ஸ் நிலையம் மூடப்பட்டது. வேரித்தாஸ் 2018 ஜூன் இறுதியோடு சிற்றலையை நிறுத்தி இணையத்துக்குப் போனது. அறிவிப்புகளில் தொழில்நுட்ப மாற்றம் பேசப்பட்டது. அத்தோடு இந்தக் காதுகளின் பணியும் முடிந்தது.

பதில் எழுதியவர்கள்

கேட்டவர் எழுதினால் யாராவது பதில் எழுத வேண்டும். கிறித்தவ வானொலிகளும் பத்திரிகைகளும் நடத்திய வேதாகம அஞ்சல்வழிப் பாடங்களில் விடைத்தாள் திருத்தியவர்கள் பெரும்பாலும் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், போதகரின் மனைவியர், கல்லூரி மாணவர்கள். கடன், குடி, குழந்தையின்மை, தேர்வு பயம் என்று வந்த கடிதங்களுக்கு அச்சிட்ட பதிலோடு கையால் நாலு வரி சேர்த்து அனுப்பியவர்களும் அவர்களே. நற்செய்தியாளர் டி.ஜி.எஸ். தினகரன் 1983இல் சென்னையில் தொடங்கிய ஜெப கோபுரத்தில் தொலைபேசி அழைப்புகளை முறைவைத்து ஏற்றுச் செபித்தவர்களில் தன்னார்வலர்கள் பெரும்பங்கினர். மேடையில் பேசியவரின் படம் சுவரொட்டியில் இருந்தது. நள்ளிரவில் தொலைபேசியை எடுத்தவருக்கு அழைத்தவரிடம்கூடப் பெயர் இல்லை.

2020 மார்ச் இறுதியில் ஊரடங்கு வந்தபோது சிற்றூர்ச் சபைகளும் ஒரே வாரத்தில் ஒலிபரப்பாளர்கள் ஆயின. கைப்பேசியை நாற்காலிமேல் நிறுத்தி ஞாயிறு ஆராதனையை நேரலை செய்தவர் பெரும்பாலும் சபையில் இருந்த ஒரு கல்லூரிப் பிள்ளை. ஆலயம் திறந்த பிறகும் அந்த வேலை அவர் தலையிலேயே நின்றுவிட்டது. இணைய வேகம், ஒலி, பாடல் வரி, பின்னர் வரும் கருத்துகளுக்குப் பதில் எல்லாம் அவர் கையில். ஆராதனை முடிந்ததும் நன்றி கூறும் பட்டியலில் பூ அலங்காரம் செய்தவர் வருவார். இவர் வருவது அரிது.

பாராட்டுக்கு முன் சில கேள்விகள்

இத்தனை உழைப்பையும் 'தியாகம்' என்று சொல்லி முடித்துக்கொள்வது வசதியானது, நியாயமானது இல்லை. முதல் கேள்வி கூலி. உபதேசியாரும் பைபிள் உமனும் முழு நாள் உழைத்தார்கள். கிடைத்த சிறுதொகையைச் சம்பளம் என்று சொல்வதா, நன்கொடை என்று சொல்வதா என்ற குழப்பம் நிறுவனத்துக்கே சாதகமாக இருந்தது. ஊழியம் என்று பெயரிட்டதும் உரிமை கேட்பது அவிசுவாசம்போல் ஆகிவிட்டது. இன்றைய நேரலைப் பையனுக்கும் இது பொருந்தும்.

இரண்டாவது கேள்வி சாதியும் பாலினமும். யார் ஏடு எழுதலாம், யார் சுமக்கலாம், யார் மேடையேறலாம் என்பதைத் திருச்சபைக்கு வெளியே இருந்த அதே படிநிலையே பெரும்பாலும் தீர்மானித்தது. பெண்களின் பணி கணவர் பெயரிலோ, 'இன்னாருடைய மனைவி' என்றோ பதிவானது.

மூன்றாவது கேள்வி நோக்கம். பிரதீப் நைனான் தாமஸ் 2008இல் வெளியிட்ட இந்தியக் கிறித்தவ அடிப்படைவாதமும் ஊடகமும் பற்றிய நூலில், சென்னையின் புதிய பெந்தெகொஸ்தே ஊடக உலகத்துக்கும் பன்னாட்டு வலைப்பின்னல்களுக்கும் உள்ள உறவைக் கூர்மையாக விமர்சித்திருக்கிறார். அந்த விமர்சனம் தேவையானது. ஆனால் மேலிருந்து பார்க்கும் பார்வைக்குப் பணமும் பிரசங்கியாரும் மட்டுமே தெரிவார்கள். கீழே அஞ்சலட்டை எழுதிய இந்து நெசவாளியும், விடைத்தாள் திருத்திய ஓய்வுபெற்ற ஆசிரியையும் யாருடைய திட்டத்துக்குள்ளும் அடங்கியவர்கள் அல்லர். அவர்கள் வந்த காரணங்கள் வேறு: மொழி ஆசை, உலகம் பார்க்கும் ஆவல், தனிமை, விசுவாசம், சக மனிதர்மேல் அக்கறை. இந்தக் கலவையைக் கணக்கில் எடுக்காத ஆய்வு ஒரு பக்க ஆய்வு.

செய்ய வேண்டியது

தரங்கம்பாடியின் உள்ளூர்ப் பணியாளர்களை முந்நூறு ஆண்டு கழித்து மீட்க முடிந்தது, யாரோ தாள்களைப் பாதுகாத்ததால். நேற்றைய சிற்றலை நேயர்களின் நோட்டுகளும் உறுதி அட்டைகளும் மன்ற முத்திரைகளும் பெரும்பாலும் வீடுகளில்தான் இருக்கின்றன. வீடு வெள்ளையடிக்கும்போதும் பாகம் பிரியும்போதும் பழைய பேப்பர்க்காரரிடம் போகும் பொருள்கள் அவை. கொடைக்கானல் செண்பகனூரில் இயேசு சபைக் காப்பகம் இருக்கிறது. பெங்களூர் ஐக்கிய இறையியல் கல்லூரியிலும் காப்பகம் இருக்கிறது. 1930இல் உருவான சேலம் மறைமாவட்டத்துக்கும், 1950இல் உருவான தென்னிந்தியத் திருச்சபையின் கோவைத் திருமண்டலத்துக்கும் இந்தப் பகுதியில் பங்குகளும் சேகரங்களும் உள்ளன. ஒவ்வொரு சேகரமும் இரண்டு இளைஞரை அமர்த்தி, எழுபது வயது தாண்டிய நேயர்களையும், கடிதம் எழுதியவர்களையும், பைபிள் உமன்களின் பேத்திகளையும் பேட்டி கண்டு பதிவு செய்தால் போதும். பெரிய செலவு ஆகாது. சமயம் பாராமல் எல்லாரையும் சேர்க்க வேண்டும். இல்லையென்றால் பதிவு பாதிதான்.

ஊடகம் நடத்துகிற நிறுவனங்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஆண்டறிக்கையில் எத்தனை நாடு, எத்தனை மணி நேரம், எத்தனை பார்வை என்ற எண்களுக்குப் பக்கத்தில், அந்த ஆண்டு ஊதியமின்றி உழைத்தவர்களின் பெயர்களை அவர்கள் சம்மதத்தோடு அச்சிடுங்கள். முழுநேர வேலை வாங்கினால் முழுச் சம்பளம் கொடுங்கள். சிற்றலையில் உங்கள் குரல் கேட்டது என்று எழுதியவர்களில் பலர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டு எழுதிக்கொள்ள மிஞ்சியிருப்பது இன்னும் பத்துப் பதினைந்து ஆண்டுகள்தான்.